தேசியப் பள்ளி விளையாட்டுகள்: கிண்ணத்தைப் பார்ப்பதா, ஆட்டங்களை எண்ணுவதா?

சிங்கப்பூரில் பள்ளிகளுக்கு இடையே நடக்கும் இந்தப் போட்டிகளுக்காகப் பிள்ளையைப் பள்ளி அணியில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் பெரும்பாலும் கேட்பது, "அந்தப் பள்ளி எத்தனை முறை ஜெயித்தது?" என்பதுதான். ஒரு பருவத்தில் என் பிள்ளைக்கு எத்தனை ஆட்டம் கிடைக்கும் என்று கேட்டால் இன்னும் உருப்படியான பதில் வரும். போட்டி விளையாட்டின் பயனை நாங்கள் அதை வைத்தே அளக்கிறோம்.

கணக்கு எளிது. 16 பள்ளிகளைத் தோற்றால் வெளியே என்ற முறையில் மோதவிட்டால் மொத்தமே 15 ஆட்டம். அவற்றில் 8 பள்ளிகளுக்கு முதல் ஆட்டத்தோடு பருவம் முடிந்துவிடும். அதே பள்ளிகளை நான்கு நான்காகப் பிரித்தால் முதல் சுற்றிலேயே 24 ஆட்டம். கடைசியில் நிற்கும் அணிக்கும் 3 உண்டு. ஓராண்டு வியர்வைக்கு அந்த மூன்றும் குறைவுதான்.

ஆற்றலுக்கேற்ப அணிகளை லீக் வாரியாகப் பிரிப்பது இந்தப் போட்டிகளின் பெரிய பலம். பூப்பந்தில் 21-4 என்று முடியும் ஆட்டத்தில் மூன்று நான்கு அடியிலேயே புள்ளி போய்விடும். தோற்பவருக்குத் தற்காக்கவும் வாய்ப்பில்லை, வெல்பவருக்கு யோசிக்கவும் வேலையில்லை. 21-18 ஆட்டத்தில்தான் களைப்போடு முடிவெடுக்கவும், நடுவர் தீர்ப்பை ஏற்கவும், இணையாட்டக்காரர் தவறும்போது முகம் சுளிக்காமல் இருக்கவும் பிள்ளை பழகும். பயிற்சியில் இவற்றைச் செயற்கையாக உருவாக்க முடியாது.

குறை மாற்று ஆட்டக்காரர்களிடம் தெரிகிறது. வாராவாரம் பயிற்சிக்கு வந்தும் திடலில் கால் வைக்காத பிள்ளைக்குப் போட்டி எதையும் கற்றுத்தருவதில்லை. வெற்றி உறுதியான பிறகாவது அவர்களை இறக்காத பயிற்றுநரை எங்களால் பாராட்ட முடியாது.

மேற்படிப்புச் சேர்க்கைக்கான போனஸ் புள்ளிகளை நம்பி மட்டும் சேர்க்க வேண்டாம். உயர்நிலைப் பள்ளி மாணவரின் இணைப்பாட நடவடிக்கையை (பாடத்துக்கு வெளியே விளையாட்டு, கலை போன்றவை) மதிப்பிடும் லீப்ஸ் 2.0 திட்டத்தில் அதிகபட்சம் 2 போனஸ் புள்ளிதான். அதற்குப் பங்கேற்பு, சாதனை, தலைமைத்துவம், சேவை நான்கிலும் குறைந்தது 3ஆம் நிலையும், ஏதேனும் ஒன்றில் 4ஆம் நிலையும் வேண்டும். பதக்கம் இருந்தும் சேவை நேரம் குறைந்தால் அந்த 2 கிடைக்காது. பங்கேற்புக்கு 75 விழுக்காட்டு வருகையும் தேவை.

விளையாட்டு போன்ற திறனை வைத்து உயர்நிலைப் பள்ளியில் இடம் பெறும் நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை; மூன்று விருப்பங்கள் வரை தரலாம். ஆனால் இடத்தை உறுதிசெய்தபின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிந்து வேறு பள்ளி தேர்ந்தெடுக்க முடியாது. 12 வயதில் பிடித்த ஆட்டம் 14 வயதில் சலித்துப்போகலாம் என்பதை எண்ணித்தான் கையெழுத்திட வேண்டும்.

உடம்பை மறக்கக்கூடாது. வேகமாக வளரும் வயதில் பள்ளிப் பயிற்சியோடு தனியார் கிளப் பயிற்சியும் சேர்ந்தால், முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கலாம். குதிக்கும், ஓடும் ஆட்டங்களில் இது சாதாரணம். ஓய்வும் பளுக்குறைப்பும்தான் மருந்து. பள்ளிப் பயிற்றுநருக்குக் கிளப் அட்டவணை தெரியாமல் இருப்பதுதான் பல நேரம் காரணம். இரு தரப்புக்கும் எழுதிக் கொடுங்கள். வெளித்திடல் ஆட்டமென்றால் வெப்ப அழுத்த அளவையும் பாருங்கள்: வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ் கோள வெப்பநிலை (WBGT) 33 பாகையைத் தொட்டால் உயர் நிலை, கடும் பயிற்சியை மாலைக்குத் தள்ள வேண்டும்.

பொது வரவேற்பு நாளில் பொறுப்பாசிரியரிடம் இரண்டு கேள்விகள்: சென்ற பருவத்தில் அணிப் பட்டியலில் இருந்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் ஆடினார்கள்? அதிகாரபூர்வப் போட்டி போக, மற்றப் பள்ளிகளோடு நட்புமுறை ஆட்டங்கள் எத்தனை?