பிடிப்பா, ஆயுளா: ஆக்டேவியா ஆர்எஸ்ஸுக்கு மூன்று வகை டயர்கள்

டயர் கடைக்குப் போனால் எல்லாரும் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்பதுதான். தினமும் அலுவலகம் போய்வரும் காருக்கு அது சரியான கேள்வி. ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245 மாதிரியான காருக்கு அதற்கு முன் வேறொன்றைக் கேட்க வேண்டும்: நீங்கள் வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள்?

என் கார் வார நாட்களில் உறை போட்டுத்தான் நிற்கிறது. சனி, ஞாயிறு விடிகாலையில் ஈசிஆர், எப்போதாவது ஏற்காடு, வருடத்தில் இரண்டு மூன்று முறை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக். எல்லாம் சேர்த்தாலும் 7,000 கி.மீ. தாண்டாது. இப்போது கணக்குப் போடுங்கள். 50,000 கி.மீ. ஓடும் டயரை வாங்கினால் அது தேய்ந்து முடிய ஏழு வருடம் ஆகும். சென்னை வெயிலில் ரப்பர் அத்தனை வருடம் ரப்பராக இருக்காது. உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பசை போய், காற்றும் சூடும் பட்டு, கெட்டியாகிவிடும். பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் கட்டைகள், மிச்சம் இருக்கும், பிடிப்பு இருக்காது.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதலில் போட்டது நீண்ட நாள் உழைக்கும் டூரிங் வகை டயர். ஐந்தரை வருடம் கழித்தும் நான்கு மி.மீ. பட்டன் இருந்தது, காசுக்கு நல்ல டயர் என்று சந்தோஷமாக இருந்தேன். ஐப்பசியின் முதல் மழையில், முட்டுக்காடு பாலத்துக்கு முன்னால் ஒரு மாடு சாலையில் ஏறியது. பிரேக்கை முழுதாக மிதித்தேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் காலுக்கடியில் தடதடத்ததே தவிர, கார் தன் போக்கில் போய்க்கொண்டே இருந்தது. மாடு நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். மறுநாள் டயர்க்காரர் ஜாக்கி போட்டுத் தூக்கி, பட்டனுக்கு நடுவே கட்டை விரலை வைத்து அழுத்திக் காட்டினார். பள்ளத்தின் அடியில் முடி மாதிரி வெடிப்பு. "பட்டன் இருக்கு சார், ஆனா ரப்பர் செத்துப்போச்சு" என்றார். பக்கவாட்டில் இருந்த நாலு இலக்கத் தேதிக் குறியீட்டையும் அவர்தான் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். டூரிங் வகையில் பிரைமசி 4, ட்ராக் வகையில் பைலட் ஸ்போர்ட் கப் 2, இரண்டுக்கும் நடுவில் பைலட் ஸ்போர்ட் 4எஸ்: மூன்றையும் ஒரே கம்பெனியில், மிஷ்லினில், எடுத்துக்கொள்கிறேன். காரணம் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் இருக்கும் ட்ரெட்வேர் எண் (எண் கூடக்கூடத் தேய்மானம் குறைவு) அமெரிக்க முறை. டெக்சாஸில் சான் ஏஞ்சலோவைச் சுற்றி 7,200 மைல், அதாவது சுமார் 11,600 கி.மீ., ஒரு மாதிரி டயரோடு சேர்த்து ஓட்டித் தேய்மானத்தை ஒப்பிடுவார்கள். ஆனால் அந்த முடிவைப் பார்த்து எண்ணை அச்சிடுவது அந்தந்தக் கம்பெனியே. அதனால் ஒருவரின் 300-ஐ இன்னொருவரின் 300-உடன் ஒப்பிட முடியாது. அமெரிக்காவில் ஆட்டோக்ராஸ் (கூம்புகளுக்கு நடுவே நேரம் பார்த்து ஓட்டும் போட்டி) நடத்தும் எஸ்சிசிஏ என்ற சங்கம், ஸ்ட்ரீட் வகுப்புக்கு ட்ரெட்வேர் குறைந்தது 200 வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா ஏ052 இரண்டும் கச்சிதமாக அந்த 200-இல் வந்து நிற்கும் டயர்கள். வேகமாக ஓட்டுபவர் கையில் அவை எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பது போட்டிக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். ஒரே கம்பெனிக்குள் ஒப்பிட்டால் எண்ணுக்குக் கொஞ்சம் அர்த்தம் உண்டு: பைலட் ஸ்போர்ட் 4எஸ்ஸுக்கு 300, கப் 2-வுக்கு அளவைப் பொறுத்து 180 அல்லது 240.

டூரிங் வகையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பிரைமசி 4 சத்தமில்லாத, மழையில் நம்பக்கூடிய, நீண்ட நாள் உழைக்கும் டயர். வருடம் 20,000 கி.மீ. ஓட்டுபவர் இதை வாங்கலாம், வயதாகும் முன்பே தேய்ந்துவிடும். ஆனால் 245 குதிரைத்திறன், 370 என்எம் முறுக்குவிசை இரண்டையும் முன் சக்கரம் மட்டுமே தாங்கும் கார் இது. இரண்டாவது கியரில் வளைவிலிருந்து வெளியே மிதித்தால் முன்பக்கம் வெளியே அகலும். இரு முன் சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்து கொடுக்கும் எலக்ட்ரானிக் டிஃபரன்ஷியலுக்கு வேலை செய்யப் பிடிப்பே கிடைக்காது. அந்தக் காருக்குக் கொடுத்த காசில் ஒரு பகுதியை டயரில் விட்டுவிடுகிறீர்கள்.

கப் 2 இதற்கு நேர் எதிர்முனை. இருங்காட்டுக்கோட்டையில் மூன்றாவது சுற்றில் அது சூடேறியதும் என்ன நடக்கிறது என்பதை ஒருமுறை உணர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். சி1 என்ற அந்த வேகமான வலது வளைவில், ஸ்டீயரிங்கைத் திருப்பிய அளவுக்கு மூக்கு திரும்பும், மிச்சம் மீதி இல்லாமல். பிட்டுக்கு, அதாவது ட்ராக் ஓரம் கார்கள் நிற்கும் இடத்துக்குத் திரும்பியதும் இடது முன் டயரைப் பாருங்கள். ஓரத்தில் ரப்பர் சுருள் சுருளாகத் திரண்டிருக்கும், பொடிக்கல் அப்பியிருக்கும், கை வைத்தால் பிசின் மாதிரி ஒட்டும். வீட்டுக்கு ஓட்டும்போது அந்தக் கல்லெல்லாம் சக்கரத்து வளைவுக்குள் சடசடவென்று அடித்துக்கொண்டே வரும்.

ரப்பர் சாலைக் கல்லின் மேடு பள்ளத்துக்குள் நெளிந்து நுழைந்து, அந்த நெளிவில் சக்தியைச் சூடாக இழக்கும்போதுதான் பிடிப்பு கிடைக்கிறது. அதே நெளிவுதான் ரப்பரைக் கிழித்துத் தின்னவும் செய்கிறது. பிடிப்பும் தேய்மானமும் ஒரே இடத்திலிருந்து வருவதால் ஒன்றை வாங்கி மற்றதைத் தவிர்ப்பது கஷ்டம். சிலிக்கா கலந்த ரப்பர் வந்த பிறகு இந்த இழுபறி தளர்ந்திருக்கிறதே தவிர, தீரவில்லை.

கப் 2-வைத் தினசரி டயராக நான் போடாததற்குக் காரணம் ஆயுள் அல்ல, மழை. புதிதாக இருக்கும்போதே பட்டன் உயரம் குறைவு, வெளிப்புற ஓரத்தில் தண்ணீர் ஓட வாய்க்கால் கிட்டத்தட்ட இல்லை. ஈரச்சாலையில் சமாளிக்கும். தேங்கிய தண்ணீரில் சமாளிக்காது, மேலே மிதக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஓஎம்ஆரில் எங்கே எத்தனை அங்குலம் தண்ணீர் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

நடுவில் நிற்பது 4எஸ். வெளிப்பாதிக்கு உலர்சாலை ரப்பர், உள்பாதிக்கு ஈரச்சாலை ரப்பர் என்று இரண்டு கலவை. ட்ராக்கில் கப் 2-வைவிட மெதுவாகத்தான் இருக்கும், தொடர்ந்து ஏழெட்டுச் சுற்று அடித்தால் பட்டன் நெளிந்து ஸ்டீயரிங் மந்தமாகும். ஆனால் முதல் கிலோமீட்டரிலிருந்தே, சூடேறக் காத்திருக்காமல், பிடிக்கும். அமெரிக்காவில் இதற்கு 30,000 மைல், அதாவது 48,000 கி.மீ. உத்தரவாதம் கொடுக்கிறார்கள். கப் 2-வுக்கு அப்படி எதுவும் இல்லை. நம் ஊர் சூட்டில், முன்சக்கர இழுவையில், நான் 28,000 கி.மீ. எதிர்பார்க்கிறேன். என் ஓட்டத்துக்கு அது நான்கு வருடம். ரப்பர் சாகும் நேரமும் பட்டன் தீரும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக வருகின்றன. எனக்கு வேண்டியது அதுதான். அதற்கு மேல் கிடைக்கும் ஆயுளை என்னால் செலவழிக்கவே முடியாது.

வருடம் 12,000-க்கு மேல் ஓட்டி, ட்ராக்கும் போகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: 5x112 வீல் (ஐந்து போல்ட், 112 மி.மீ. வட்டத்தில்) ஒரு செட் தனியாக வாங்கி அதில் கப் 2. ஆக்டேவியாவின் பின் சீட்டை மடக்கினால் நான்கு சக்கரமும் உள்ளே போய்விடும். காலையில் ட்ராக்கில் மாற்றி, போல்ட்டை 120 என்எம்முக்கு முறுக்கி, மாலையில் 4எஸ்ஸில் வீடு திரும்பலாம். முதலில் கை கடிக்கும். ஆனால் ட்ராக் தேய்மானம் முழுவதும் அந்தச் செட்டிலேயே போவதால், சாலை டயர் தன் முழு ஆயுளும் ஓடும்.

அப்புறம் அலைன்மென்ட். டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) கொஞ்சம் விலகியிருந்தாலும் உள் ஓரம் மட்டும் மொட்டையாகிவிடும். நின்று பார்த்தால் தெரியாது, குனிந்து தடவினால்தான் தெரியும். சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம். நான் மழைக்காலத்துக்கு 3 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்கிறேன், அதற்குக் கீழே தண்ணீரை வெளியேற்றும் திறன் வேகமாக விழுகிறது. 8,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிவிடுவதால் நான்கும் ஒரே மாதிரி தேய்கின்றன. நேற்று அளந்தபோது நான்கிலும் 4.5-ஐ ஒட்டியே இருந்தது. இந்த மழைக்கு அது போதும். அடுத்த ஐப்பசிக்குள் நான்கையும் சேர்த்து மாற்ற வேண்டும், மறுபடியும் 4எஸ்தான்.