வீட்டுக்கு முதல் ஓவியம்: எந்தத் தொகுப்பில் தேடலாம்?

அக்கா செந்தூலில் புது வீட்டுக்குக் குடிபோனபோது ஹாலில் ஒரு சுவர் மட்டும் வெறுமையாக இருந்தது. "போஸ்டர் வேணாம் தம்பி, ஒருத்தர் கைப்பட செஞ்ச படமா ஒண்ணு மாட்டணும்" என்றார். கையில் இரண்டாயிரம் ரிங்கிட். அதை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் கோலாலம்பூரில் உள்ள தனியார் கேலரிகளில் ஏறி இறங்கினோம்.

போன இடங்களில் ஒரே ஓவியரின் தனிக் கண்காட்சிகள் குறைவு. பத்துப் பன்னிரண்டு பேரின் படைப்புகளை ஏதாவது ஒரு சரட்டில் கோத்துத் தொங்கவிட்டிருந்த தொகுப்புகள்தான் அதிகம். அந்தச் சரடு மூன்று விதமாக இருக்கிறது. ஒன்று, சொல்லவரும் விஷயம்: வீடு, நகரம், பெண், ஞாபகம். இன்னொன்று, செய்முறை: காகிதம், மர அச்சு, துணியில் மெழுகும் சாயமும் கொண்டு செய்யும் பாத்தேக். மூன்றாவது, அளவு: சிறிய படங்கள் மட்டும். முதன்முதலாக வாங்கப் போகிறவருக்கு மூன்றும் ஒரே மாதிரி உதவுவதில்லை.

அதற்கு முன் ஒரு விஷயம். விற்கிற கேலரி ஒரு தலைப்பு வைப்பது அதன் பிழைப்புக்காகவும்தான். படம் விற்றால் பெரும்பாலும் பாதிப் பணம் ஓவியருக்கு, பாதி கேலரிக்கு. வாடகை, விளக்கு, ஆள் சம்பளம் எல்லாம் அந்தப் பாதியிலிருந்துதான் வரவேண்டும். புதுப் படங்களோடு, முன்பு விற்காமல் உள்ளே இருந்தவற்றையும் ஒரு தலைப்பின் கீழ் வெளியே கொண்டுவருவார்கள். அதில் தவறு எதுவும் இல்லை. பழைய நல்ல படம் சில சமயம் அப்படித்தான் நம் கண்ணில் படும். ஆனால் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஆண்டைப் பாருங்கள். தலைப்புக்காகவே வரையப்பட்டதா, தலைப்புக்குள் கொண்டுவந்து பொருத்தப்பட்டதா என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

விஷயத்தைச் சரடாக வைத்த தொகுப்புதான் உடனே இழுக்கும். நாங்கள் முதலில் போனதும் அதற்குத்தான். தலைப்பு வீடு பற்றியது. உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் ஓர் அக்ரிலிக் ஓவியம்: அடுக்குமாடியின் நீளமான தாழ்வாரம், ஒரு கதவின் முன்னால் கோலம், கோலத்தின் ஓரத்தை மிதித்துவிட்டுப் போன சிலிப்பர் தடம். அக்கா அங்கேயே நின்றுவிட்டார். அம்மா இருந்த பிளாட் வாசல் அப்படியேதான் இருக்கும். விலை 1,900 ரிங்கிட். அன்றைக்கே கொடுத்திருப்போம். நான்தான் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன்.

மறு வாரம் அதே படத்தின் முன் நின்றபோது கோலத்தைத் தவிர மற்ற இடங்களைப் பார்த்தோம். சுவர் ஒரே சாம்பல் பூச்சு. தாழ்வாரத்தின் கோடியில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று ஓவியருக்கே தெரியாததுபோல இருந்தது. முதல் நாள் எங்களை நிறுத்தியது அம்மாவின் ஞாபகம். படம் அதற்குச் சாக்கு. இந்த வகைத் தொகுப்பில் உள்ள ஆபத்து இதுதான். தலைப்பு நம் நெஞ்சைத் தொட்டுவிடும், படம் செய்யவேண்டிய வேலையை நாமே செய்துகொடுத்துவிடுவோம்.

தலைப்பை மீறி நிற்கிற படைப்புகளும் உண்டு, நம் நாட்டிலேயே. 1973-இல் தேசிய கலைக்கூடம் மனிதனும் அவன் உலகமும் என்ற பொருளில் ஒரு கண்காட்சி நடத்தியது. பினாங்கில் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கம் அதற்குத் தூரிகையால் வரைந்த படத்தை அனுப்பவில்லை. டாமன்சாராவில் மண்ணைப் புரட்டி வீடு கட்டிய இடத்தின் புகைப்படங்களையும் அங்கே கிடந்த குப்பையையும் கொண்டுவந்து வைத்தார். அந்தத் தலைப்பு இல்லாமலே அது இன்றும் பேசுகிறது. ஜொகூர் பாருவில் பிறந்த அனுரேந்திர ஜெகதேவா வரையும் நம்மவர் முகங்களும் அப்படித்தான். குடும்பம், புலம்பெயர்வு என்று எந்தத் தலைப்பில் தொங்கவிட்டாலும், எடுத்துவிட்டாலும், அந்த முகம் நம்மைப் பார்க்கும். இந்த வகையில் வாங்க நினைத்தால் தலைப்பு அட்டையைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள், மறு வாரமும் போய்ப் பாருங்கள்.

இப்போது செய்முறைத் தொகுப்புக்கு வருகிறேன். என் ஓட்டு இதற்குத்தான்.

நாங்கள் பார்த்தது காகிதத்தில் செய்தவை மட்டும்: நீர்வண்ணம், கரிக்கோல், மர அச்சு. கேட்கச் சுவாரசியமில்லாத சரடு. தலைப்பைப் படித்து யாருக்கும் கண் கலங்காது. ஆனால் ஒரே பொருளைப் பன்னிரண்டு பேர் கையாண்டதைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போது, யார் கை தேறியது, யார் கை தடுமாறுகிறது என்று நமக்கே பிடிபட்டுவிடுகிறது. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முக்கால் மணி நேரத்தில் அக்கா, "இதுல தண்ணி அதிகமாயிருச்சு, அதுல கரெக்டா நிறுத்தியிருக்காங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஒரு மர அச்சை மூக்கு ஒட்டுகிற தூரத்தில் பார்த்தோம். இரவுக் கடல், ஒரு மீன்பிடிப் படகு. மரப்பலகையில் வெள்ளை வேண்டிய இடத்தை எல்லாம் செதுக்கி எடுத்துவிட்டு, மிச்சம் நிற்கிற மேட்டில் மை தடவிக் காகிதத்தை அழுத்துவதுதான் இந்த முறை. வானம் முழுக்கக் கறுப்பு. ஆனால் சாய்த்துப் பார்த்தால் அந்தக் கறுப்புக்குள் பலகையின் ரேகை மெல்லிய அலையாக ஓடியது. ஓவியர் அதைச் செதுக்கவில்லை. மரம் தானாகக் கொடுத்தது, அவர் அதை விட்டுவைத்திருக்கிறார். கீழே இடது ஓரத்தில் பென்சிலில் 9/25, வலது ஓரத்தில் கையெழுத்து. இருபத்தைந்து பிரதிகளில் இது ஒன்பதாவது என்று பொருள். பிரதிகள் இருப்பதால்தான் அதே ஓவியரின் கான்வாஸ் படத்தைவிட விலை குறைகிறது. இது கடைப் போஸ்டர் அல்ல என்பதை அக்காவுக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. மை மேடாக நிற்பது கண்ணுக்கே தெரிந்தது.

மர அச்சு இங்கே உயிரோடு இருக்கிற கலை. சபாவில் ரானாவைச் சேர்ந்த பங்ரோக் சூலாப் குழுவினர் பெரிய பலகைகளைச் செதுக்கி, துணியை விரித்து, அதன்மேல் ஆட்களை ஏறி மிதித்து ஆடவைத்தே அச்செடுப்பார்கள். பாத்தேக் தொகுப்பு கிடைத்தால் அதையும் விடாதீர்கள். பினாங்கில் 1950-களில் சுவா தியான் தெங், சட்டைத் துணிக்கான மெழுகு முறையை ஓவியத்துக்குக் கொண்டுவந்தார். மெழுகு வெடித்த கீறலில் சாயம் புகுந்து நரம்புபோல ஓடும் கோடுகளைக் கிட்டப்போய்ப் பார்த்தால், பாத்தேக் என்று சொல்லி விற்கும் அச்சுத் துணிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும்.

காகிதத்துக்கு ஒரு குறை உண்டு, மறைக்கமாட்டேன். நம் ஊர் ஈரக்காற்றில் அது பழுப்புப் புள்ளி விழுந்து கெட்டுப்போகும். ஃபிரேம் கடை அண்ணன் இதைக் கண்டிப்பாகவே சொன்னார்: "தம்பி, கண்ணாடி பேப்பரைத் தொடவே கூடாது. நடுவுல ஆசிட் இல்லாத மவுண்ட் அட்டை போடணும். பாத்ரூம் சுவத்துல மாட்டிறாதீங்க." ஃபிரேமுக்கு மட்டும் 380 ரிங்கிட் ஆனது. கான்வாஸ் வாங்கியிருந்தால் இந்தச் செலவு அநேகமாக இருந்திருக்காது. பட்ஜெட் போடும்போதே இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிறிய படங்களின் தொகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வருடக் கடைசியில் வரும், விலை கைக்கு எட்டும், பரிசு கொடுக்க நல்லது. ஆனால் சுவர் முழுக்க நெருக்கமாக மாட்டியிருப்பார்கள், ஒன்றைப் பார்க்கும்போதே இன்னொன்று கண்ணை இழுக்கும். பெரிதாக வரைந்து பழகிய பலர் சின்ன அளவில் தங்கள் படத்தின் ஒரு துண்டைத்தான் தருகிறார்கள். ஹால் சுவருக்கு என்றால் வேண்டாம்.

எந்தத் தொகுப்புக்குப் போவதற்கு முன்னாலும் தேசிய கலைக்கூடத்தில் ஓர் அரை நாள் செலவிடுங்கள். 1958-இல் தொடங்கியது அது. விலைச் சீட்டு இல்லாத இடத்தில் கண் வேறு மாதிரி பழகும். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். கந்தசுவாமி கோவில் இருக்கிற அதே ஸ்காட் சாலையில்தான் வெய் லிங் கேலரியும் இருக்கிறது. கேலரி என்றாலே பணக்காரர் இடம் என்று நினைத்து நம்மில் பலர் வாசலோடு திரும்பிவிடுகிறோம். உள்ளே போகப் பெரும்பாலும் காசு கேட்கமாட்டார்கள். விலைப் பட்டியல் வேண்டும் என்று கேட்டால் தருவார்கள், தவணை உண்டா என்றும் கேட்கலாம்.

நாங்கள் அந்தப் படகையே எடுத்தோம், 1,400 ரிங்கிட். எங்கள் குடும்பத்தில் யாரும் கடலுக்குப் போனதில்லை. பணம் கட்டியதும், விற்றாயிற்று என்பதற்கு அடையாளமாகச் சீட்டில் சிவப்புப் புள்ளி ஒட்டினார்கள், ஓவியர் கையெழுத்திட்ட சான்றிதழ் ஒன்றும் கொடுத்தார்கள். ஆனால் கண்காட்சி முடிகிறவரை படம் அங்கேயே இருக்கவேண்டும். மூன்று வாரம். அதற்குள் அக்கா இரண்டு தடவை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.