தண்ணீரா, பிளேன் டீயா? கொழும்பு வெயிலுக்கு ஒரு தாகக் கணக்கு

"தேத்தண்ணி எல்லாம் தண்ணிக் கணக்கில வராது" என்று யாராவது ஒருவர் சொல்லாத வீடு கொழும்பில் குறைவு. வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இன்னும் ஒரு படி மேலே போகும். ஒரு கப் தேநீர் குடித்தால் அதற்கு ஈடாக இரண்டு கிளாஸ் தண்ணீர் குடிக்க வேண்டுமாம். கஃபீன் உடம்பில் ஏற்கெனவே இருக்கிற நீரையும் சேர்த்து வெளியே தள்ளிவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வரும். பிளேன் டீ, பால் டீ, கோப்பி எல்லாமே அன்றாடத் தண்ணீர்க் கணக்கில் வரும். அப்படியானால் தண்ணீரை விட்டுவிட்டுத் தேநீரையே குடிக்கலாமா? அங்கேதான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதிலும் கஃபீனை விட சீனியும் கிளாஸின் அளவும் உப்பும்தான் பெரிய வித்தியாசத்தைக் காட்டுகின்றன.

பயம் எங்கிருந்து வந்தது?

கஃபீன் சிறுநீரைக் கூட்டும் என்பது முழுப் பொய் இல்லை. சிறுநீரகத்தில் அடினோசின் என்ற உடம்பின் சொந்த வேதிப்பொருள் போய் ஒட்டிக்கொள்ள வேண்டிய இடங்களைக் கஃபீன் பிடித்துக்கொள்கிறது. அதனால் சோடியம் இரத்தத்துக்குத் திரும்புவது கொஞ்சம் குறையும். சோடியம் வெளியே போனால் தண்ணீரும் அதன் பின்னால் போகும்.

1928 இல் எடி, டவுன்ஸ் என்ற இருவர் மூன்றே மூன்று பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். கஃபீனைத் தொடாமல் நெடுநாள் இருந்தவர்களுக்கு அது சிறுநீரைக் கூட்டியது. தொடர்ந்து எடுத்தபோது அந்த விளைவு மங்கிப்போனது. இதில் முதல் பாதி மட்டும் உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது. காலையில் எழும்பியதும் ஒரு கிளாஸ், பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று என்று வளர்ந்த நமக்குப் பொருந்துவது இரண்டாவது பாதி. தினமும் குடிப்பவருக்கு நாலைந்து நாளிலேயே உடம்பு பழகிவிடுகிறது.

2015 இல் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு அலசல் வந்தது. அந்த ஆய்வுகளில் கொடுக்கப்பட்ட கஃபீன் சுமார் 300 மில்லிகிராம். அதனால் கூடுதலாகப் போன சிறுநீர் சராசரியாக 109 மில்லிலீற்றர். உடற்பயிற்சியின்போது அந்தக் கூடுதலும் ஏறக்குறைய இல்லாமல் போனது.

பிளேன் டீ எதிர் தண்ணீர்

இந்தக் கணக்கைப் புறக்கோட்டைக்குக் கொண்டுபோவோம். குறுக்குத் தெருக்களில் கைவண்டி இழுக்கும் நாட்டாமி ஒருவர் பதினொரு மணிக்குக் கடை வாசலில் நின்றபடி குடிக்கும் பிளேன் டீயைப் பாருங்கள். அடி தடித்த சின்னக் கிளாஸ். டஸ்ட் தேயிலை போட்ட துணிப் பையை இரண்டு தடவை வெந்நீரில் முக்கி எடுத்த கடுஞ்சிவப்புச் சாயம். கிளாஸின் அடியில் கரையாமல் கிடக்கிற சீனி. அந்தக் கிளாஸை நிரப்பினாலும் 150 மில்லிலீற்றரைத் தாண்டாது.

ஒரு கிளாஸில் கஃபீன் 40 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஆறு கிளாஸ் என்றால் தண்ணீர் 900 மில்லிலீற்றர், கஃபீன் 240 மில்லிகிராம். அந்த 109 மில்லிலீற்றரை அப்படியே கழித்தாலும் ஏறக்குறைய 800 மில்லிலீற்றர் மிச்சம். பழகிய உடம்பில் அதையும் கழிக்கத் தேவை வராது. 2011 இல் 21 ஆண்களுக்கு 12 மணித்தியாலத்தில் 240 மில்லிலீற்றர் வீதம் நாலு அல்லது ஆறு கப் கறுப்புத் தேநீர் கொடுத்து, இன்னொரு நாள் அதே அளவு கொதிக்க வைத்த தண்ணீரைக் கொடுத்து ஒப்பிட்டார்கள். இரத்தத்திலும் சிறுநீரிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

ஆக, தண்ணீராகப் பார்த்தால் இரண்டும் சமம். ஆனால் நாட்டாமியின் தேவைக்கு அந்த 900 மில்லிலீற்றர் எந்த மூலைக்கு? வெயிலில் பாரம் இழுக்கும் ஒருவருக்கு ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீற்றர் வியர்வை போவது புதுமையில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2010 இல் சொன்ன அளவு ஆணுக்கு 2.5 லீற்றர், பெண்ணுக்கு 2 லீற்றர். சாப்பாட்டில் வரும் நீரும் அதில் அடக்கம். அதுவும் மிதமான காலநிலையில், மிதமாக வேலை செய்பவருக்கு. "நான் ஆறு டீ குடிச்சனான்" என்று எண்ணிக்கை சொல்வது அதனால்தான் ஏமாற்றும். மில்லிலீற்றரில் பார்க்க வேண்டும்.

அடுத்தது சீனி. ஒரு கிளாஸுக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் எட்டு, பத்து கிராம் வரும். ஆறு கிளாஸில் ஐம்பதைத் தொட்டுவிடும். உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வைத்த உச்ச வரம்பே, ஒரு சராசரி வளர்ந்தவருக்கு, நாளுக்கு 50 கிராம் அளவுதான். 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது. கடையில் "நானா, சீனி குறைச்சு ஒரு பிளேன் டீ" என்று கேட்டால் முதல் நாள் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். கேட்டுப் பழக்க வேண்டியதுதான். சாயத்தை வெறுமனே ஊற்றி, கையில் ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கும் பழைய வழக்கம் இதற்கு நல்ல ஒரு தீர்வு. துண்டு சின்னதாக இருக்கும்வரை, அதுதான் நிபந்தனை.

அப்படியென்றால் ஏன் அடிக்கடி போக வருகிறது?

"ஆய்வு கிடக்கட்டும், டீ குடித்தால் எனக்கு உடனே வருகிறதே" என்பவர்கள் சொல்வதும் உண்மை. இங்கே இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. சிறுநீரகம் எவ்வளவு நீரை வெளியேற்றுகிறது என்பது ஒன்று. சிறுநீர்ப்பை எப்போது மணி அடிக்கிறது என்பது வேறொன்று. கஃபீன் சிலருக்குப் பையைத் தூண்டிவிடும். அதனால் முழுதாக நிரம்பும் முன்பே அவசரம் தெரியும். அடிக்கடி போவார்கள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாகப் போவார்கள். நாள் முடிவில் மொத்தத்தை அளந்தால் பெரிய வித்தியாசம் இருக்காது.

இது வெறும் உடலியல் நுணுக்கம் என்று கடந்துவிட முடியாது. புறக்கோட்டைத் துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் பெண்களில் பலர் தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். போவதற்கு ஒழுங்கான கழிவறை இல்லை, இருந்தாலும் கேட்டுக்கேட்டுப் போக வேண்டும். அவர்களுக்கு டீயா தண்ணீரா என்ற கேள்வியே இரண்டாம் பட்சம். அவசரம்தான் தொல்லை என்றால் தேநீரை வீட்டில் இருக்கும் நேரத்துக்குத் தள்ளிவிட்டு, கடையில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது பலன் தரும். ஆனால் இதில் மாற வேண்டியது குடிக்கிறவர்கள் அல்ல, கடை முதலாளிமார்.

பால் டீயும் கோப்பியும்

2016 இல் 72 ஆண்களுக்குப் பதின்மூன்று வகைப் பானங்களை ஒரு லீற்றர் வீதம் கொடுத்து, அடுத்த நாலு மணித்தியாலத்தில் எவ்வளவு வெளியே வந்தது என்று அளந்தார்கள். தேநீர், கோப்பி, கோலா எல்லாம் தண்ணீரோடு ஒரே வரிசையில் நின்றன. தண்ணீரைத் தாண்டி உடம்பில் தங்கியவற்றில் முன்னுக்கு நின்றவை பாலும், வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்பு-சீனி நீரான வாய்வழி நீரேற்றக் கரைசலும். பாலில் உள்ள புரதமும் சீனியும் வயிற்றிலிருந்து நீர் மெதுவாக இறங்க வைக்கின்றன, உப்புகள் நீரை உடம்பில் பிடித்து வைக்க உதவுகின்றன.

இதைக் கேட்டதும் பால் டீக்குக் கொடி பிடிக்க வேண்டாம். அங்கே கொடுத்தது ஒரு லீற்றர் பால். நம் கடைப் பால் டீ, இரண்டு கரண்டி பால்மா, அதற்குப் போட்டியாகச் சீனி. தாகத்துக்குப் பிளேன் டீ, பசிக்குப் பால் டீ என்று வைத்துக்கொள்ளலாம்.

கோப்பிக்கு வந்தால் 2014 இல் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு தெளிவாக இருக்கிறது. கோப்பி பழகிய 50 ஆண்கள், மூன்று நாள், தினம் 200 மில்லிலீற்றர் வீதம் நாலு கப். பிறகு அதே அளவு தண்ணீர். உடம்பின் மொத்த நீரில் மாற்றம் காணவில்லை. ஆனால் கோப்பியில் எல்லை தாண்டுவது சுலபம். 2017 இல் பத்துப் பேரிடம் செய்த சோதனையில் ஒரே தடவையில் 269 மில்லிகிராம் கஃபீன் உள்ள கோப்பி ஒன்றும் செய்யவில்லை, 537 மில்லிகிராம் உள்ளது சிறுநீரைக் கூட்டியது. கொழும்பு 7 பக்கத்துக் கோப்பிக் கடையில் இரட்டை ஷொட் போட்ட பெரிய கப்பை மூன்று, நாலு தரம் அடுத்தடுத்துக் குடிப்பவர் அந்த இடத்தை நெருங்கலாம். வெள்ளவத்தைக் கடைகளில் பைக்கற்றில் வாங்கும் மல்லிக் கோப்பி அப்படியல்ல. பாதி மல்லியும் மிளகும் கலந்ததில் எவ்வளவு கஃபீன் இருந்துவிடப் போகிறது?

கோலா, சக்திப் பானங்களைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. நீராக அவையும் சேரும். 250 மில்லிலீற்றர் சக்திப் பான ரின்னில் வழக்கமாக 80 மில்லிகிராம் கஃபீன், ஒரு கப் கோப்பி அளவுதான். போத்தலில் இருக்கிற நிற வட்டத்தைப் பாருங்கள். 2016 முதல் நம் நாட்டில் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. சிவப்பென்றால் அதைத் தாகத்துக்கு வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

செவ்விளநீர் எல்லாவற்றையும் வென்றுவிடுமா?

காலி வீதி ஓரத்தில் தெம்பிலி, அதாவது செவ்விளநீர்க் குலை தொங்கும் வண்டியைக் கண்டால் எனக்கும் கால் நிற்கும். ருசிக்கு அதை அடிக்க ஒன்றுமில்லை. ஆனால் வியர்வையில் முதன்மையாகப் போவது சோடியம். தெம்பிலியில் நிறைய இருப்பது பொட்டாசியம். சாதாரணத் தாகத்துக்கு இது ஒரு பொருட்டில்லை. வயிற்றோட்டத்திலோ, வெயிலில் நாள் முழுக்க வியர்த்த பிறகோ இந்த வித்தியாசம் தெரியும். வயிற்றோட்டத்துக்கு ஃபாமசியில் கிடைக்கும் ஜீவனி என்ற வாய்வழி நீரேற்றக் கரைசல் பைக்கற்றுக்கு நிகர் தெம்பிலியும் இல்லை, பிளேன் டீயும் இல்லை. பைக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில் அப்படியே கரைக்க வேண்டும். ருசிக்காகச் சீனி சேர்க்கக் கூடாது.

உழைப்பவருக்கோ உப்பு பெரும்பாலும் பகல் சாப்பாட்டிலேயே கிடைத்துவிடுகிறது. பருப்பும் கருவாடும் வைத்த ஒரு பார்சல் சோற்றில் உப்புக்குப் பஞ்சமில்லை. சோற்றிலேயே மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். சாப்பாடு, தண்ணீர், இடையில் டீ என்ற நாட்டாமியின் ஒழுங்கு விலை கூடிய விளையாட்டுப் பானங்களுக்குக் குறைந்ததில்லை.

இடையில் ஒன்று. சூடான தேநீர் உடம்பைக் குளிர வைக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 2012 இல் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் சைக்கிள் மிதிக்க வைத்து இதைப் பார்த்தார்கள். சூடான நீர் குடித்தவர்களின் உடம்பில் தேங்கிய வெப்பம் குறைவாகவே இருந்தது, ஏனென்றால் வியர்வை கூடியது. ஆனால் அந்த வியர்வை முழுக்க ஆவியாக வேண்டும். ஏப்ரலில் மருதானைச் சந்தியில் நின்று பாருங்கள். வியர்வை எங்கே ஆவியாகிறது? முதுகோடு வழிந்து சேர்ட்டை நனைக்கிறது. பெரியவர்கள் சொன்னது காற்றோட்டமான வரண்ட ஊருக்குச் சரியாக இருக்கும்.

யாருக்கு எது?

ஏசி அலுவலகத்தில் இருப்பவருக்கு நாலைந்து கிளாஸ் தேநீர், மிச்சத்துக்குத் தண்ணீர். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் கஃபீன் வரை பாதுகாப்பு என்று ஐரோப்பிய அமைப்பு 2015 இல் சொன்னது. கர்ப்பிணிகளுக்கு அதில் பாதி. சாயத்தில் உள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் சாப்பாட்டு இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொல்லப்பட்டவர்கள் சாப்பாட்டோடு டீயைக் குடிக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிப்பது நல்லது. நோன்பு காலத்தில் பகலில் வரும் தலையிடி எல்லாம் தண்ணீர் இல்லாததால் வருவதில்லை. வழமையான டீ நின்றதாலும் வரும். நோன்புக்கு ஒரு வாரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் அது தணியும்.

வயதானவர்கள் விஷயம் வேறு. வயது போகப் போகத் தாகம் தெரிவதே குறையும். தண்ணீர் கொடுத்தால் "பிறகு குடிக்கிறன்" என்று வைத்துவிடும் அம்மம்மா, தேத்தண்ணி என்றால் கையை நீட்டுவார். அதைக் கணக்கில் வராது என்று பிடுங்கி வைப்பது அநியாயம். சீனியைக் குறைத்து, சாயத்தை இளக்கி, கப்பைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுங்கள்.

ஆனால் அதே அம்மம்மாவுக்கு இதயமோ சிறுநீரகமோ பலவீனப்பட்டு, "நாளுக்கு ஒரு லீற்றருக்கு மேல் வேண்டாம்" என்று டொக்டர் அளவு வைத்திருந்தால் கதை தலைகீழ். வீட்டுக்காரர் தண்ணீர்ப் போத்தலை மட்டும் அளப்பார்கள், டீ தண்ணீரில்லையே என்று நாலு கப் கொடுப்பார்கள், காலில் வீக்கம் ஏன் வந்தது என்று யோசிப்பார்கள். அந்த ஒரு லீற்றருக்குள் பிளேன் டீயும் வரும், கஞ்சியும் வரும், சோற்றில் ஊற்றும் சொதியும் வரும். தெம்பிலியைப் பொட்டாசியத்துக்காகவே டொக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.