தோற்றாலும் கதை நகரும்: டிஸ்கோ எலிசியம்

ஒரு ஆர்.பி.ஜி. கேமை (நாமே கதையின் ஒரு பாத்திரமாகி ஆடுவது) பற்றி யாராவது "கதை சூப்பர்" என்று சொன்னால், நான் கேட்பது ஒன்றுதான்: அதில் தோற்றால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கடைசியாகச் சேமித்து வைத்த பழைய சேவ் லோடு ஆகும், கேட்ட வசனத்தையே மறுபடி கேட்க வேண்டியதுதான். 2015-இல் வந்த விட்சர் 3 எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதில் வரும் 'பிளடி பாரன்' என்ற பிரபுவின் கதை மாதிரி ஒரு குடும்பக் கதை கேம்களில் அபூர்வம். ஆனால் அங்கேயும் சண்டையில் விழுந்தால் கதை நின்றுவிடும். ஜெயித்தவனுக்குத்தான் அடுத்த அத்தியாயம்.

டிஸ்கோ எலிசியம் இந்த இடத்தில்தான் ஆளையே மாற்றிவிடுகிறது. தோற்றவனுக்கும் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள், பல இடங்களில் ஜெயித்தவனுக்கு எழுதியதைவிட நன்றாக.

2019 அக்டோபரில் வந்த கேம். எஸ்டோனியாவில் தொடங்கிய ஸா/உம் நிறுவனம் செய்தது, தலைமை எழுத்தாளர் ராபர்ட் குர்விட்ஸ். அந்த வருஷ கேம் அவார்ட்ஸில் சிறந்த கதை உட்பட நாலு விருது. 2021-இல் எல்லா வசனத்துக்கும் குரல் கொடுத்து 'ஃபைனல் கட்' என்று வெளியிட்டார்கள். கணினியில் ஏற்கெனவே வாங்கியிருந்தவர்களுக்கு அது இலவசம்.

ரெவஷோல் என்ற கற்பனை நகரம், அதில் மார்ட்டினேஸ் என்ற இடிந்துபோன துறைமுகப் பேட்டை. குடித்த குடியில் தன் பெயர்கூட மறந்துபோன ஒரு போலீஸ்காரன் லாட்ஜ் அறையில் கண்விழிக்கிறான். பேட்ஜ் இல்லை, துப்பாக்கி இல்லை, லாட்ஜ் மேனேஜருக்கு 130 ரியல் பாக்கி. பின்கட்டில் ஒரு மரத்தில் ஒரு வாரமாகப் பிணம் தொங்குகிறது. அந்தக் கேஸுக்காக வந்தவன்தான் இவன். துறைமுகத்தில் வேலைநிறுத்தம், யூனியன் ஒரு பக்கம், கம்பெனி மறுபக்கம், நடுவில் நாம்.

"சண்டையே இல்லாத ஆர்.பி.ஜி.யா?" என்று என் கடைப் பையன் சிரித்தான். (லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், ராத்திரி ஷட்டரை இறக்கியபிறகு ஆடுவது வழக்கம்.) ஆமாம், வாளை எடுத்துச் சுழற்றுகிற சண்டை கிடையாது. இருப்பது 24 ஸ்கில். ஒவ்வொன்றும் நாயகன் மண்டைக்குள் பேசும் ஒரு குரல். லாஜிக் முரண்பாட்டைப் பிடிக்கும், எம்பதி எதிராளி மறைக்கிற வருத்தத்தைச் சொல்லும், என்சைக்ளோபீடியா யாருக்கும் வேண்டாத தகவலை அள்ளிக் கொட்டும், எலெக்ட்ரோகெமிஸ்ட்ரி "ஒரு சிகரெட் போடு" என்று நச்சரிக்கும். கல்யாண வீட்டுப் பெரியவர்கள் மாதிரி ஆளுக்கொரு யோசனை, அதில் பாதி தப்பு. ஒரு ஸ்கில்லை ஏற்றிவிட்டால் அது சொல்வதெல்லாம் சரி என்று நம்ப முடியாது. பொய்யைப் பிடிக்கிற டிராமா ஸ்கில்லை ஏற்றி வைத்தால் எதிரில் நிற்கிற எல்லோரும் பொய் சொல்வதாகவே தோன்ற ஆரம்பிக்கும். எண்ணை ஏற்றினால் பலம் கூடும் என்று பழகிய கைக்கு இது புதுசு.

முக்கியமான இடங்களில் இரண்டு தாயக்கட்டை உருளும். இரண்டும் ஆறு விழுந்தால் கட்டாய வெற்றி, இரண்டும் ஒன்று விழுந்தால் கட்டாயத் தோல்வி. இந்த உருட்டலுக்குச் சோதனை என்று பெயர், வெள்ளை, சிவப்பு என்று இரண்டு வகை. வெள்ளைச் சோதனையை ஸ்கில் ஏற்றிக்கொண்டு வந்து மறுபடி முயலலாம். சிவப்புக்கு ஒரே வாய்ப்புதான்.

பிணத்தின் கிட்டே போகிறோம். நாற்றம். உருட்டினால் தோல்வி, குடலைப் பிரட்டிக்கொண்டு வாந்தி. பக்கத்தில் கூனோ என்ற பொடியன் பிணத்தின் மேல் கல்லெறிந்துகொண்டே கெட்ட வார்த்தையில் கிண்டல் அடிக்கிறான். கூட வந்த லெப்டினென்ட் கிம் கிட்சுராகி மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. ஆரஞ்சு ஜாக்கெட், மூக்குக் கண்ணாடி, கையில் நோட்டுப் புத்தகம், ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட். நிதானம் தவறாத மனிதர். வேறு கேமாக இருந்தால் இந்த வாந்தி ஒரு 'ஃபெயில்டு' என்ற எழுத்தோடு முடிந்திருக்கும். இங்கே இரண்டு போலீஸ்காரர்களுக்கு இடையிலான உறவு அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. போகப் போக ஸ்கில்லை ஏற்ற உதவும் எக்ஸ்பீரியன்ஸ் பாயின்டைவிட கிம்மின் மரியாதையைச் சம்பாதிப்பதுதான் எனக்குப் பெரிதாகிவிட்டது. கரோக்கி மேடையில் நாயகன் கர்ணகடூரமாகப் பாடித் தோற்றபோது, நான் முதலில் பார்த்தது கிம் என்ன சொல்கிறார் என்றுதான்.

இன்னொன்று சொல்லியாக வேண்டும். புத்தகக் கடையில் ஒரு பெண் நிற்பாள். புருஷன் சில நாளாக வீட்டுக்கு வரவில்லை, குடிகாரன், வந்துவிடுவான் என்பாள். பிறகு கடலோரப் பலகைப் பாதையில் ஒரு பிணம் கிடைக்கும். கொலை இல்லை, சதி இல்லை. போதையில் விழுந்து தலையில் அடிபட்டுச் செத்தவன். அவள் வீட்டுக் கதவைத் தட்டி அதைச் சொல்ல வேண்டியது நம் வேலை. எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று பட்டியல் திரையில் நிற்கும், எதுவுமே சரியாகத் தெரியாது. நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மெயின் கேஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, தவிர்த்துவிட்டே கேமை முடிக்கலாம்.

குறைகளும் உண்டு. பத்து லட்சம் சொல்லுக்கு மேல் எழுத்து, அதுவும் எளிய ஆங்கிலம் கிடையாது. எனக்கே அகராதி தேவைப்பட்டது. பேசும்போதும் படிக்கும்போதும்தான் கேமுக்குள் கடிகாரம் ஓடும் என்பதால், ராத்திரி வரவேண்டிய ஆளுக்காகப் பகலில் வெட்டியாகக் காத்திருக்கும் அவஸ்தை வரும். ஃபைனல் கட்டில் சேர்த்த அரசியல் குவெஸ்ட்கள் (கிளைப் பணிகள்) கொஞ்சம் ஒட்டுப்போட்டது போலத்தான் இருக்கின்றன. துப்பறியும் கதையில் கொலையாளியை நாமே கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு முடிவு மனத்தாங்கலைத் தரும். எனக்குத் தரவில்லை, ஆனால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அப்புறம், தோல்விக்கும் கதை உண்டு என்றேனே, சாவுக்கு அது பொருந்தாது. உடல்பலத்தை அடிமட்டத்தில் வைத்து ஆரம்பித்தால், அறையில் சுற்றும் மின்விசிறியிலிருந்து கழுத்து டையை எடுக்கப் போய் மாரடைப்பில் செத்தே போகலாம். அங்கே மட்டும் பழையபடி லோடுதான்.

குர்விட்ஸ் உட்பட முக்கியமான சிலர் பிறகு நிறுவனத்தை விட்டே போய்விட்டார்கள், அதனால் இரண்டாம் பாகத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். இதை ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் தள்ளுபடியில் வாங்குங்கள், அடிக்கடி வருகிறது. ஆங்கிலம் தடுமாறினால், மண்டைக்குள் பேசும் ஸ்கில்களுக்குக் குரல் கொடுத்த லென்வால் பிரவுனின் குரலைக் கேட்டுக்கொண்டே படிக்கலாம், அந்தக் கனத்த குரலே பாதி அர்த்தத்தைச் சொல்லிவிடும். அடிதடி வேண்டும் என்பவர்கள் வாங்க வேண்டாம். வாங்கிவிட்டு, "அண்ணா, கேம் ரொம்ப ஸ்லோவா போகுது, ரேம் போடணுமா" என்று என் கடைக்கு வரவும் வேண்டாம்.