ஆற்றுநீரும் கடல்நீரும்: பி.ஆர்.ஓ.வா, ஆர்.இ.டி.யா?

முதுநிலைப் படிப்பின் ஆய்வுக்கு உப்புநீர் மின்சாரம் (நன்னீரும் உப்புநீரும் சேரும் இடத்தில் கிடைக்கும் ஆற்றலிலிருந்து எடுப்பது) என்று முடிவானதும், பி.ஆர்.ஓ. (pressure retarded osmosis), ஆர்.இ.டி. (reverse electrodialysis) என்ற இரண்டு முறைகளில் எதில் இறங்குவது என்று ஒரு மாதம் குழம்பினேன். கடைசியில் ஆர்.இ.டி. பக்கம் போனேன்.

ஆறு கடலில் கலக்குமிடத்தில் இருக்கும் சவ்வூடு அழுத்தம், அதாவது உப்பு வித்தியாசத்தால் நன்னீரை உப்புநீர்ப் பக்கம் இழுக்கும் அழுத்தம், ஏறக்குறைய 270 மீட்டர் உயர அருவிக்குச் சமம். பி.ஆர்.ஓ.வில் நன்னீர், உப்பைத் தடுத்து தண்ணீரை மட்டும் விடும் மெல்லிய சவ்வைத் தாண்டி உப்புநீருக்குள் போகிறது, அங்கே சேரும் அழுத்தம் டர்பைனைச் சுற்றுகிறது. ஆர்.இ.டி.யில் தண்ணீர் தாண்டுவதில்லை. சோடியம் ஒரு சவ்வு வழியாகவும் குளோரைடு இன்னொன்று வழியாகவும் நகர்வதால் நேராக மின்சாரம் வருகிறது. சவ்வு விலை இரண்டிலும் தலைவலிதான்.

என்னை முடிவெடுக்க வைத்தது அழுக்கு. ஆற்றுநீரில் வண்டல், பாசி, நுண்ணுயிர் எல்லாம் வரும். பி.ஆர்.ஓ.வில் அந்தத் தண்ணீரே சவ்வுக்குள் இழுக்கப்படுவதால், அழுக்கு பின்பக்கத் துளை அடுக்கில் போய் உட்கார்ந்துவிடும். சுருட்டி அடைத்த சவ்வுக்குள் கையை விட முடியாது. ஆர்.இ.டி.யில் தண்ணீர் சவ்வை உரசிக்கொண்டு போய்விடுகிறது. அழுக்கு பெரும்பாலும் சவ்வுகளுக்கு நடுவே இருக்கும் இடைவலையில்தான் தங்கும். சவ்வு அடுக்கைக் கழற்றி, கழுவி, திரும்பப் பூட்டலாம். என் பத்து ஜோடி அடுக்கை அப்படி நாலு தடவை கழற்றியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மீட்டர் மறுபடி ஒன்றரை வோல்ட்டை நெருங்கியது.

சவ்வு சோர்ந்தால் எல்லாமே சோர்ந்துவிடும். நார்வேயில் ஸ்டாட்கிராஃப்ட் நிறுவனம் 2009இல் டோஃப்டேயில் தொடங்கிய பி.ஆர்.ஓ. நிலையத்தில், இந்த முறை கட்டுப்படியாக வேண்டுமென்றால் சவ்வின் சதுர மீட்டருக்கு 5 வாட் தேவைப்பட்டது. கிடைத்தது 1 வாட்டுக்கும் கீழே. 2013 இறுதியில் அந்த முயற்சியையே நிறுத்திவிட்டார்கள். நெதர்லாந்தின் ஆஃப்ஸ்லாய்ட்டைக் அணையில் 2014இல் திறந்த ஆர்.இ.டி. சோதனை நிலையம், ஒருபுறம் ஏரிநீர், மறுபுறம் வாடன் கடல்நீர் என்று நிஜத் தண்ணீரையே எடுத்தது.

சரி, என் அனுபவம் ஆய்வக மேசையோடு நிற்கிறது. நான் ஓட்டியது உப்பைக் கரைத்த தண்ணீரும், அதில் வேண்டுமென்றே கலக்கிய களிமண்ணும்தான். நிஜக் கடல்நீரின் மக்னீசியம் மின்னழுத்தத்தைக் குறைக்கும். அதோடு நான் இன்னும் மல்லுக்கட்டவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜப்பானின் ஃபுகுவோகாவில் 2025 ஆகஸ்டில் தொடங்கிய நிலையம் பி.ஆர்.ஓ.தான். கடல்நீரைக் குடிநீராக்கியபின் மிஞ்சும் கெட்டி உப்புநீரையும், சுத்திகரித்த கழிவுநீரையும் சேர்த்து ஓட்டுகிறார்கள். உப்பு வித்தியாசம் அவ்வளவு பெரிதாகவும், தண்ணீர் ஏற்கெனவே வடிகட்டியும் கிடைத்தால், நானும் பி.ஆர்.ஓ.வைத்தான் முதலில் பார்ப்பேன்.