என்க்ரிப்ஷனுக்குத் தடையா, கேட்டால் திறந்து காட்டும் கட்டாயமா?

கணினிக் குற்றத்துக்காகத் தண்டனை முடிந்து வெளியே வந்தவருக்கு, என்க்ரிப்ஷன் (தகவலை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் முறை) விஷயத்தில் என்ன நிபந்தனை போடலாம்? அவர் அந்தப் பக்கமே போகக் கூடாது என்பது ஒரு வழி. பயன்படுத்தட்டும், சட்டப்படி கேட்டால் திறந்து காட்ட வேண்டும் என்பது இன்னொன்று.

முதல் வழி கேட்கச் சுலபம்தான், ஆனால் ஆளையே முடக்கிவிடும். வங்கிச் செயலியைத் திறந்தாலே அதில் என்க்ரிப்ஷன் இருக்கிறது. வாட்ஸ்அப் 2016 முதல் எல்லோருடைய செய்திகளையும் தானாகவே பூட்டிவிடுகிறது. இணையத்தில் வேலைக்கு விண்ணப்பித்தால் அதுவே நிபந்தனை மீறலாகிவிடும். அமெரிக்காவில் 2000-ல் விடுதலையான ஹேக்கர் கெவின் மிட்னிக், விடுதலை நிபந்தனைப்படி 2003 ஜனவரி வரை இணையத்தைத் தொட முடியவில்லை. அன்று அப்படி வாழ்வது கஷ்டம், இன்று முடியவே முடியாது. அப்புறம், திரும்பவும் குற்றம் செய்யத் துணிந்தவர் இந்தத் தடைக்கா பயப்படப் போகிறார்? திருந்தி வாழ நினைப்பவர்தான் மாட்டிக்கொள்வார். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

இரண்டாவது வழி பிரிட்டனில் இருக்கிறது. 2000-ல் வந்த புலனாய்வு அதிகாரச் சட்டப்படி, முறையான அனுமதியோடு நோட்டீஸ் கொடுத்துக் கடவுச்சொல்லைக் கேட்கலாம். தர மறுத்தால் 2 ஆண்டு வரை சிறை. தேசப் பாதுகாப்பு, குழந்தைகள் மீதான ஆபாசக் குற்ற வழக்குகளில் 5 ஆண்டு வரை. சரி, உண்மையிலேயே மறந்துபோயிருந்தால்? அதற்கு ஓரளவு ஆதாரம் காட்டினால் போதும். கடவுச்சொல் அவரிடம் இருக்கிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்குப் போய்விடும். இதிலும் அத்துமீறலுக்கு இடமுண்டு. அதனால் ஒவ்வொரு முறையும் நீதிபதியின் கையெழுத்து கட்டாயம் என்றால் மட்டுமே இதை ஏற்பேன்.