ஸ்டென்ட் சிக்கல்: கம்பெனி மீது வழக்கா, மருத்துவர் மீதா?

இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மறுபடி மாரடைப்பு வந்துவிட்டால், வீட்டில் முதலில் கிளம்பும் பேச்சு "மட்டமான ஸ்டென்டை வைத்துவிட்டார்கள்" என்பதுதான். கருவிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ரத்தக்குழாய்ச் சுவரோடு ஒட்டும்படி சரியாக விரிக்காமல் விட்டிருக்கலாம், ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோடு தரும் குளோபிடோக்ரல் மாத்திரையைச் சீக்கிரமே நிறுத்தியிருக்கலாம்.

கம்பெனி மீது போவது கேட்க நன்றாக இருக்கும், நடத்துவது கஷ்டம். தயாரிப்பில் குறை இருந்தது, அதனால்தான் பாதிப்பு என்று இரண்டையும் காட்ட வேண்டும். ஸ்டென்டோ நெஞ்சுக்குள் இருக்கிறது, சோதித்துப் பார்க்க அதைச் சும்மா வெளியே எடுக்க முடியாது. அமெரிக்காவில் இன்னொரு தடையும் உண்டு: அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியின்போது பலூன் கதீட்டர் (நுனியில் பலூன் உள்ள மெல்லிய குழாய்) வெடித்த வழக்கில், அரசின் கடுமையான முன் அனுமதி பெற்ற கருவி பாதுகாப்பற்றது என்று மாநிலச் சட்டப்படி நஷ்டஈடு கேட்க முடியாது என 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அனுமதித்தபடி தயாரிக்கவில்லை என்பதுபோல, மத்திய அரசு விதிகளை மீறியதாகக் காட்டினால் வழி இருக்கிறது.

மருத்துவர் மீது என்றால் ஆதாரம் பெரும்பாலும் கைக்கெட்டும்: ஆஞ்சியோகிராம் (ரத்தக்குழாய்ப் படம்) சிடி, ஒப்புதல் படிவம், டிஸ்சார்ஜ் சம்மரி. தேவையில்லாமல் ஸ்டென்ட் வைத்தார்கள் என்ற சந்தேகத்துக்கு இந்த வழிதான் சரி என்பேன். அறிக்கையில் எழுதிய அடைப்புச் சதவீதம் உண்மையா என்று இன்னொரு இதய மருத்துவர் படத்தைப் பார்த்தே சொல்லலாம். ஆனால் சிக்கல் வந்தது என்பதே அலட்சியத்துக்குச் சாட்சியாகாது.

எந்தப் பக்கம் போனாலும் ஸ்டென்ட் அட்டையிலுள்ள மாடல், லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்களைப் படமெடுத்து வையுங்கள், வழக்குக்கான காலக்கெடுவை வக்கீலிடம் முதலிலேயே கேளுங்கள். அப்புறம், கோபத்தில் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.